செல்ஃப்-டோட் என்று என்னைச் சொல்லாதே

பாப்பா,

நீ வியாழக்கிழமை சாயந்தரம் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது நான் முதலில் பார்த்தது உன் தலையணையைத்தான். தோளில் புத்தகப் பை, ஒரு கையில் துணிப் பை, இன்னொரு கையின் இடுக்கில் அந்த நீலப் பூப்போட்ட தலையணை. பௌர்ணமிப் போயா நாளும் சனி ஞாயிறும் சேர்ந்து வந்த லீவுக்கு யாரும் ஹொஸ்டலிலிருந்து தலையணையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். தூறலில் நனையாமல் இருக்க அதை ஸ்வெட்டருக்குள் பாதி நுழைத்து வைத்திருந்தாய். சட்டென்று வாய் திறந்து கேட்க எனக்கு எப்போதும் வராது, அது உனக்கே தெரியும். தலையணையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். லயத்து வீட்டுக்கு ஏறுகிற வழி முழுக்க நீ ஹொஸ்டல் பருப்பைப் பற்றியும், தூக்கத்தில் வாய்ப்பாடு சொல்கிற பக்கத்துக் கட்டில் பிள்ளையைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தாய். நானும் சிரித்துக்கொண்டே வந்தேன். ஆனாலும் மனம் தலையணையிலேயே இருந்தது.

மறுநாள் விளக்குப் போடுகிற நேரத்தில் நீயே சொல்லிவிட்டாய். அப்பா ஃபேக்டரியிலிருந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நான் திங்கக்கெழம போகல."

"காய்ச்சலா?" என்று கேட்டேன். காய்ச்சலாக இருந்தால் நல்லது என்று நினைத்ததும் அந்த நேரத்தில்தான்.

"காய்ச்சல் இல்ல. இனிமே போகவே இல்ல. வீட்டுலயே படிச்சு பிரைவேட்டா பரீட்ச எழுதிக்கிறேன். அப்புடி எழுதலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா ஒங்க வார்டன் மிஸ்ஸுமா?" என்றார் அப்பா.

நீ உடனே என் பக்கம் கையைக் காட்டினாய். "ஏன், அக்கா ஸ்கூலுக்குப் போயா இங்கிலீஷ் படிச்சாங்க? வெள்ளக்காரங்களே ஆச்சரியப்படுறாங்க. அவங்க செல்ஃப்-டோட். நானும் அவங்க தங்கச்சிதானே."

"அது என்னா டோட்டு? துப்பாக்கியில போடுற தோட்டாவா?" என்று அப்பா கேட்டதும் நீ சிரித்தாய், அப்பா சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் பேச்சு கொஞ்சம் தள்ளிப் போனது. பிறகு அப்பா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பெரியவளே, ஒன்னயத்தான் சாட்சிக்கு இழுக்குறா. நீதான் சொல்லணும்." நான் சொல்லவில்லை. தேங்காய் முழுவதும் துருவி முடிந்து, சிரட்டையின் கறுப்பும் சேர்ந்து வரும்வரை குனிந்தபடியே துருவிக்கொண்டிருந்தேன்.

வாயால் சொல்ல முடியாததை எழுதினால் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை. நீ பீலித் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருக்கிறாய். இங்கே வாசல் ஸ்தோப்பில் உட்கார்ந்தால் உன் சத்தம் கேட்கிறது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நீ போகாவிட்டால் உன் கட்டிலை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவதாக வார்டன் மிஸ் அப்பாவிடம் போனில் சொல்லியிருக்கிறார். மஸ்கெலியாப் பக்கமிருந்து ஒரு பிள்ளை அதற்காகக் காத்திருக்கிறாளாம். கட்டில் போனால் பள்ளிக்கூடமும் போன மாதிரிதான். நம் தேயிலைத் தோட்டத்திலிருந்து புறப்படுகிற முதல் பஸ் ஹட்டனுக்குப் போய்ச் சேருவதற்குள் அங்கே முதல் பாடமே முடிந்துவிடும். இங்கே கிட்டத்தில் ஏ.எல். உயர்தர வகுப்புக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடமும் கிடையாது. அதனால் இன்று சாயந்தரத்துக்குள் இதை எழுதி முடித்து உன் கையில் கொடுக்க வேண்டும். படித்துவிட்டு நீயே ஒளித்து வைத்துக்கொள்ளாதே. ஹொஸ்டலில் உன்னோடு இருக்கிற பிள்ளைகளுக்கும் காட்டு. என்னைப் பற்றி அந்தச் சொல்லை அவர்களிடம் சொன்னவள் நீ. அதனால் அதற்கு என் பதிலையும் அவர்கள் படிக்கட்டும்.

உன்னைவிட மூன்று வயதுதான் எனக்கு அதிகம். ஆனாலும் உன் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தால் பெரியவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தவள் நான். ஒரு தடவை உன் வகுப்பு டீச்சர், "அம்மா வரல்லியா?" என்று கேட்டபோது நீ கொஞ்சமும் யோசிக்காமல், "இவங்கதான் எங்க அம்மா" என்றாய். பின்னால் இருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெட்கத்தில் அன்றைக்கு டீச்சர் சொன்ன எதுவும் காதில் விழவில்லை. ஆனால் அன்று நீ கொடுத்த அந்த இடத்தை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். உனக்குப் பாதிதான் தெரியும். பழைய துரை பங்களாவை இப்போது வெளிநாட்டு ஆட்கள் தங்குகிற இடமாக மாற்றி வைத்திருக்கிறார்கள் இல்லையா, அங்கே நான் அறைகளைச் சுத்தம் பண்ணவும் சாப்பாடு பரிமாறவும் சேர்ந்த புதிதில் நடந்தது. வயதான ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். தேநீர் வைக்கப் போனபோது அந்த அம்மா என்னிடம் ஏதோ கேட்டார். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். இன்னும் ஒன்று கேட்டார், அதற்கும் சொன்னேன். உடனே, இவ்வளவு நன்றாக எங்கே படித்தாய் என்றார். தட்டைப் பிடித்தபடி நின்றேன். பக்கத்தில் நின்ற மேனேஜர் ஐயா எனக்காகப் பதில் சொன்னார்: "ஷீ இஸ் செல்ஃப்-டோட்." அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அதுவரை அங்கே வேறு யாரோ நின்ற மாதிரி என்னைப் புதிதாகப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது, பாப்பா. அன்றைக்கே உனக்குப் போன் பண்ணிச் சொன்னேன். நீ அங்கே குதித்த சத்தம் எனக்கு இங்கே கேட்டது.

பிறகுதான் அர்த்தம் பார்த்தேன். ஓ.எல். பரீட்சைக்கு நீ வாங்கிய அகராதி இங்கேதானே இருக்கிறது. ஆசிரியரிடமோ வகுப்பிலோ போய்ப் படிக்காமல் தானே தனக்குச் சொல்லிக்கொடுத்துக் கற்றுக்கொண்ட ஆள் என்று போட்டிருந்தது. ஆளுக்கு முன்னால் அந்தச் சொல்லை வைப்பார்களாம். செல்ஃப்-டோட் மெக்கானிக், செல்ஃப்-டோட் பாட்டுக்காரர் என்கிற மாதிரி. குறையாகச் சொல்வதில்லை, எப்போதும் பாராட்டித்தான் சொல்வார்களாம். இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு. இந்த மாதிரிக் கோடு போட்டுச் சேர்த்த சொற்கள் எனக்குப் புதிதில்லை. பங்களாக் குசினியில் கேக் டப்பாவில் ஹோம்-மேட் என்று ஒட்டியிருக்கும். காய்ந்த தக்காளிப் போத்தலில் சன்-ட்ரைட் என்று இருக்கும். முன்பாதியைப் பார்த்தால் அந்த வேலையைச் செய்தது யார், எது என்று தெரிந்துவிடும். கேக்கைச் செய்தது வீடு. தக்காளியைக் காயவைத்தது வெயில். அப்படியானால் எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அந்தச் சொல்லைக் கேட்டால், நான்தான் என்கிறது. நான் மட்டும்தான் என்கிறது. அங்கேதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அகராதியை மூடி வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இங்கிலீஷ் என்றால் எனக்கு அந்த அடுப்புதான் ஞாபகம் வரும். ஏன் என்று சொல்கிறேன். இதுவரை உன்னிடம் சொல்லாத சங்கதி இது.

அம்மா குவைத்துக்குப் போனபோது நான் ஒன்பதாம் வகுப்பு, நீ ஆறாம் வகுப்பு. பஸ் ஏறும்போது அம்மா உன் தலையைத் தடவி, "அக்கா சொல்றதக் கேளு" என்றார். என் காதுக்கருகில் வந்து, "அவ படிப்ப மட்டும் விட்டுறாத" என்றார். அவ்வளவுதான். அப்பாவுக்கு ஃபேக்டரியில் ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் ராத்திரி வேலை. உன்னைத் தனியாக விட முடியாது என்பதால் நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. ஒருநாள் போகவில்லை, மறுநாள் போகவில்லை, அப்படியே நின்றுபோயிற்று. நீயோ புத்தகப் பையைக் கொண்டுவந்து மூலையில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாய். கூப்பிட்டால், "அம்மா வந்த பெறகு படிக்கிறேன்" என்பாய். எனக்கு அதட்டத் தெரியாது. அடிக்கவும் மனம் வராது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். ரொட்டிக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு, அடுப்பில் கல்லைப் போடாமல், "இன்னைக்கு ஸ்கூல்ல என்னா நடந்துச்சு? சொல்லு பாப்போம். சரியா சொல்றியான்னு பாக்குறேன். அதுக்கு அப்புறந்தான் ரொட்டி" என்றேன்.

பசியில் எழுந்து வந்தாய். முதல் நாள் அழுதுகொண்டே சொன்னாய். கொஞ்ச நாளில் அது உனக்கு விளையாட்டாகிப் போனது. அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு சுவர்தான் கரும்பலகை என்று நின்று பாடம் நடத்துவாய். உங்கள் டீச்சர் மாதிரியே கண்ணாடியைத் தூக்கி விடுவாய், உன் முகத்தில் கண்ணாடியே இல்லாமல். நான் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "ம், சரி. அடுத்தது?" என்பேன். விளங்காத இடத்தில், "அது சரியில்லயே. இன்னொரு தடவ சொல்லு" என்பேன். நீ பயந்துபோய்ப் புத்தகத்தைத் திறந்து பார்த்து, மெதுவாக, இன்னும் தெளிவாகத் திரும்பச் சொல்வாய். அக்காவுக்கு எல்லாம் தெரியும், அக்கா நம்மைச் சோதித்துப் பார்க்கிறாள் என்றுதான் நீ நினைத்தாய். இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

எனக்குத் தெரியாது, பாப்பா. ஆறும் ஏழும் எட்டும் நான் படித்த பாடங்கள், அவை சரி. நீ ஒன்பதைத் தாண்டிய பிறகு நான் சொன்ன "ம், சரி" ஒன்றுகூட எனக்குத் தெரிந்து சொன்னதில்லை. இங்கிலீஷ் அதற்கும் முன்னாலேயே அப்படித்தான். என் காலத்தில் நம் பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் டீச்சரே வரவில்லை. அந்தப் பாடவேளையில் நாங்கள் முற்றத்தில் புல் பிடுங்குவோம். நீ ஆறாம் வகுப்பில் இருக்கும்போதுதான் டிக்கோயாவிலிருந்து அந்த இங்கிலீஷ் மிஸ் பஸ்ஸில் வர ஆரம்பித்தார். அவரை நான் கூட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அவர் பகலில் உனக்குச் சொன்னதை நீ சாயந்தரம் எனக்குச் சொன்னாய். ஸ்தோப்பில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டு, "டீச், டோட், டோட். பை, போட், போட்" என்று பாட்டு மாதிரி நீ சொல்லும்போது நான் உள்ளே வெங்காயம் நறுக்குகிற தாளத்தில் அதையே முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். ஊர் முழுக்க என்னைப் பற்றிச் சொல்கிறாயே அந்தச் சொல், அதில் பாதியை நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய்.

நம்பாவிட்டால் ஒரு சாட்சி வைத்திருக்கிறேன். பங்களாவில் சேர்ந்த முதல் வாரம். இருட்டுகிற நேரத்தில் விருந்தாளிகள் மாடியிலிருந்து சாப்பிட இறங்கி வந்தார்கள். நான் வாசலில் நின்று, குனிந்து, எவ்வளவு தைரியம் உண்டோ அவ்வளவையும் சேர்த்து, "குட் நைட்" என்றேன். முன்னால் வந்த உயரமான ஆள் மனைவியைப் பார்த்து, "வா, நமக்குச் சாப்பாடு இல்லையாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி மாடி ஏறுவதுபோல் நடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் குசினிக்குள் ஓடிவிட்டேன். சமையல்கார அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அடிப் புள்ள, அது படுக்கப் போறப்ப சொல்றதுடி. வாற ஆள வாசல்லயே வெரட்டி விட்டுட்டியே!" என்றார். அதை அப்படி எனக்குச் சொல்லித் தந்தது யார் தெரியுமா? அகப்பையை ஆட்டிக்கொண்டு, "காலையில பாத்தா குட் மோர்னிங், ராத்திரி பாத்தா குட் நைட்" என்று நீதான் பாடம் நடத்தினாய். மிஸ் அதைச் சரியாகச் சொல்லித் தந்த நாளில் நீ சளி பிடித்து வீட்டில் இருந்தாய் போலிருக்கிறது. உன்னுடைய சரிகளும் என்னிடம் இருக்கின்றன, உன்னுடைய தப்பும் என்னிடம் இருக்கிறது. தனக்குத் தானே சொல்லிக்கொடுத்தவளுக்கு உன் தப்பு எப்படி வந்திருக்கும், நீயே சொல்.

நீ மட்டும் என்றும் சொல்லமுடியாது. நோர்வூட் கடைத்தெருவில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மழைக்கு ஒதுங்குகிற அந்தக் கடைக்கார முஸ்லிம் நானா. அவர் கடையில் எந்த நேரமும் கிரிக்கெட் ஓடும், அதுவும் இங்கிலீஷில். நான் ஒரு மூலையில் நின்று டி.வி.யையே பார்ப்பதைக் கண்டு, "என்ன மகள், கிரிக்கெட் அவ்வளவு பிடிக்குமா?" என்று கேட்டார். எனக்குக் கிரிக்கெட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று எப்படிச் சொல்வேன்? தலையை மட்டும் ஆட்டினேன். அன்று முதல் நான் போனால் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, பருப்பை நிறுத்துக்கொண்டே விளக்கம் சொல்வார். "லெப்ட்-ஹேண்டட்னா எடக்கைக்காரன். வெல்-டைம்ட்னா நேரம் பார்த்து அடிச்சது. இப்ப அவுட்டானானே, அது நேரம் பார்க்காம அடிச்சது." கோடு போட்ட சொற்கள் எனக்கு முதலில் பழகியது அங்கேதான். இன்றும் அந்த ஆட்டத்தில் யார் ஜெயிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நானாவிடம் சொல்லிவிடாதே, மனம் வருத்தப்படுவார்.

அப்புறம் அப்பா. தேயிலைச் சாக்குகளில் ரகத்தின் எழுத்தை அச்சு வைக்கிற வேலையில் இருந்ததால் அவருக்கு இங்கிலீஷில் மொத்தம் நாலைந்து எழுத்துதான் தெரியும். நீ பிறப்பதற்கு முன்னால் என்னை மடியில் வைத்துக்கொண்டு சாம்பலில் விரலால் எழுதிக் காட்டுவாராம். எனக்கு விவரம் தெரிந்த பிறகும் காட்டினார். "இது பி. இது ஓ. இன்னொரு பி. இதுக்கு மேல எனக்கும் தெரியாது, தொரைக்கும் தெரியாது." துரைக்குத் தெரியாது என்பதை நான் வெகு நாள் நம்பினேன். அந்த எழுத்துகளில்தான் நான் ஆரம்பித்தேன். இவர்களையெல்லாம் நினைத்தால் எனக்கு மனம் நிறைந்துபோகிறது, பாப்பா. பள்ளிக்கூடத்தை விட்டவள் என்று என்னை நினைத்து நான் அழுத நாட்கள் உண்டு. ஆனால் திரும்பிப் பார்த்தால் எனக்கு எந்தப் பக்கம் போனாலும் யாரோ ஒருவர் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டால் இவர்கள் எல்லோரையும் நான் வெளியே நிறுத்த வேண்டும். முதலில் உன்னை.

இன்னும் ஒன்று. நீ ஹட்டனுக்குப் போன பிறகு என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தாயா? எனக்கு இப்போது நேரம் அதிகம். ரொட்டி சுடுவதும் இரண்டு பேருக்குத்தான். நீ விட்டுப்போன புத்தகங்கள் எல்லாம் என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கின்றன. விருந்தாளிகள் விட்டுப்போகிற கதைப் புத்தகங்களும் உண்டு. தானாகவே படிக்கிறவளாக நான் இருந்திருந்தால் இந்த மாதங்களில் எங்கேயோ போயிருக்க வேண்டும். திறந்து உட்காருகிறேன். முதல் பக்கம் போகிறது. இரண்டாவது பக்கத்தில் ஓரிடத்தில் தட்டுகிறது. "இன்னொரு தடவ சொல்லு" என்று கேட்க ஆள் இல்லை. மூடி வைத்துவிட்டு எழுந்து விடுகிறேன். உன் இரசாயனவியல் புத்தகத்தைப் போன லீவில் நீ தூங்கும்போது எடுத்துப் பார்த்தேன். எழுத்துகள் எல்லாம் தெரிந்தன, ஒன்றும் விளங்கவில்லை. அப்போதுதான் தெரிந்தது, என் பள்ளிக்கூடம் ஹட்டனுக்குப் போய்விட்டது. நீ அங்கிருந்து திரும்பி வந்தால் நம் இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடம் இல்லை.

நீ ஏன் வரப் பார்க்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். மார்க் குறைந்ததை நீ சொல்லவில்லை, வார்டன் மிஸ் சொன்னார். ஆனால் அதற்கு முன்னால் ஒருநாள் போனில் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. "டவுன் புள்ளைங்க எல்லாம் டியூஷன்ல முன்னாடியே படிச்சுட்டு வந்துர்றாங்கக்கா. மிஸ் கேட்டு முடிக்கிறதுக்குள்ள கையத் தூக்குறாங்க. நான் மட்டும் முழிச்சிக்கிட்டு இருக்கேன்." அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. ஆனால் அவர்கள் உன்னைவிடக் கெட்டிக்காரர்கள் இல்லை. அவர்களுக்கு அதே பாடத்தை இரண்டாம் தடவை சொல்ல ஆள் இருக்கிறது, அவ்வளவுதான். உனக்கும் இருக்கிறது. மிஸ்ஸிடம் போய், "இன்னொரு தடவை சொல்லுங்க மிஸ்" என்று கேள். படிப்பில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். அதை வைத்துத்தான் அடுப்படியில் இருந்தபடியே உன்னிடமிருந்து ஒரு பாஷையைக் கறந்தேன். வெட்கமாக இருக்கும். எனக்கு வெட்கம் என்றால் என்ன என்று நீ சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் உன் முன்னால் எனக்கு வெட்கம் வரவில்லை, ஏனென்றால் நான் சோதிக்கிற மாதிரிக் கேட்டேன். நீயும் வேண்டுமானால் அந்த மிஸ்ஸைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு கேள். மிஸ்ஸுக்குத் தெரியவா போகிறது.

அந்தச் சொல் கெட்ட சொல் என்று நான் சொல்லவில்லை. யாரும் இல்லாத இடத்தில் இருந்துகொண்டு தட்டுத் தடுமாறி ஒன்றைக் கற்றுக்கொண்டவர்கள் உலகத்தில் இருப்பார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் அப்படிச் சொல்வது சரி. எனக்குப் புரிந்தவரை அது அடுத்தவர் நம்மைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. நாமாக எடுத்துச் சட்டையில் குத்திக்கொள்வதற்கு இல்லை. அதைவிட, பள்ளிக்கூடம் கிடைக்காதவர்களுக்குத்தான் அது பொருந்தும். கிடைத்த பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வருகிறவளுக்கு அந்தச் சொல்லை யாரும் சொல்லமாட்டார்கள். அவளுக்கு வேறு பெயர் இருக்கிறது. அதை என்னை வைத்துத் தோட்டத்தில் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். உன்னை வைத்துக் கேட்க எனக்கு விருப்பம் இல்லை.

என்னைத் தனியாக விட்டுப் போவதை நினைத்தும் உனக்கு வருத்தம் என்று அப்பாவிடம் சொன்னாயாம். அதற்காக நீ வர வேண்டாம். எனக்கு நீ செய்ய வேண்டியது எல்லாம் செய்துவிட்டாய். அம்மா போன பிறகு இந்த லயத்துக் காம்பராவுக்குள் நான் கிறுக்குப் பிடிக்காமல் இருந்ததற்கு நீதான் காரணம். ஒவ்வொரு சாயந்தரமும் ஒரு புதுச் சங்கதியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். பூவுக்கு எத்தனை பாகம், மழை எப்படிப் பெய்கிறது, பதினெட்டாம் நூற்றாண்டில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், எல்லாம் நீ கொண்டுவந்து கொட்டியதுதான். நீ அப்போது எவ்வளவு சின்னப் பிள்ளை. பசியோடு நின்று சொல்லித் தந்தாய். அதற்கு நான் உனக்குக் கொடுத்தது ரொட்டிதான். இதை இதுவரை உன்னிடம் சொல்லாமல் விட்டேன், எல்லாம் தெரிந்த அக்காவாகவே இருந்துவிடலாம் என்று. இப்போது சொல்கிறேன். ரொம்ப நன்றி, பாப்பா.

பஸ் காலையில் வரும். அப்பா உன்னோடு ஹட்டன் வரைக்கும் வருகிறேன் என்கிறார். வெள்ளிக்கிழமை அம்மா போன் பண்ணும்போது அவருக்குச் சொல்ல வேண்டியது எதுவும் இருக்கக்கூடாது என்பது என் ஆசை. உன்னை இழுத்துப் பஸ்ஸில் ஏற்ற எனக்குத் தெரியாது. ஏறு என்று எழுத மட்டும் தெரியும். ஏறு.

இன்று மத்தியானம் கருவாடு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேனே, நான் கருவாடு வாங்கவில்லை. பொகவந்தலாவையில் பெரிய ரோட்டோரம் உள்ள மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். வெளியில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே கராஜ் வேலை செய்கிற ஆட்கள், கடைப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு ஒரு அக்கா. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். வகுப்பு நடத்துகிற மிஸ் என்னிடம் ஒன்றிரண்டு கேள்விகளை இங்கிலீஷில் கேட்டுவிட்டு, "பரவாயில்லயே, இதுவரைக்கும் யாருகிட்ட படிச்சீங்க?" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தங்கச்சிகிட்ட மிஸ்" என்று சத்தமாகச் சொன்னேன். பிறகு கடைசி வாங்குப் பலகையில் இடம் கேட்டு உட்கார்ந்தேன்.